பாவம், பிறப்பு, மன்னிப்பு: படப்பையிலிருந்து சில குறிப்புகள்

1

எங்கள் ஊர் படப்பைக்குப் பக்கத்தில் இருக்கிறது. தாம்பரத்திலிருந்து முடிச்சூர் வழியாக மேற்கே வருகிறவர்கள் இன்று ஒரகடத்துக் கார்த் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றிப் போகிற கம்பெனி பஸ்களைத்தான் பார்ப்பார்கள். நான் சின்னப் பையனாக இருந்தபோது ஏரித் தண்ணியும் நெல்லும்தான் எல்லாம். ஊர் என்று ஒன்று, சேரி என்று ஒன்று. சேரியின் கடைசியில் ஓலை வேய்ந்த ஜெபவீடு. வெள்ளிக்கிழமை ராத்திரி அங்கே கூட்டம் நடக்கும்.

கூட்டம் முடிகிற நேரத்தில், வெளியூரிலிருந்து வருகிற பிரசங்கியார் தவறாமல் ஓர் அழைப்பு விடுப்பார். ஞானஸ்நானம் எடுத்தும், கடந்தகாலப் பாவங்களுக்காகக் கடவுள் கொடுத்துவிட்ட மன்னிப்பை மனசார ஏற்றுக்கொள்ள முடியாமல் தவிக்கிறவர்கள் கையை உயர்த்த வேண்டும். மன்னிப்பை ஏற்காமல் இருப்பதும் ஒரு பாவம்தான், அது கடவுளின் வார்த்தையை நம்ப மறுப்பது என்று விளக்கமும் சொல்வார். எங்க ஆயா ஒவ்வொரு வாரமும் கையை உயர்த்துவாள். அவள் ஞானஸ்நானம் எடுத்து அப்போதே முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

ஒருநாள் கூட்டம் முடிந்து திரும்பும்போது கேட்டேன். "ஏன் ஆயா வாரா வாரம் கை தூக்கற? அப்படி இன்னாதான் பாவம் பண்ண?"

"இன்னா பண்ணனோ யாருக்குத் தெரியும் கண்ணு. பண்ணாமயா இந்தச் சேரில வந்து பொறந்தேன்?"

இந்தப் பதிலை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு, கல்லூரிக் காலத்தில் அதிகாரம் பற்றியும் தன்னிலை உருவாக்கம் பற்றியும் கண்டதையும் வாசித்துக்கொண்டிருந்தபோது திரும்பத் திரும்ப ஞாபகத்துக்கு வந்தது. பிரசங்கியார் 'கடந்தகாலம்' என்று சொன்னது பிறந்ததிலிருந்து ஞானஸ்நானம் வரைக்குமான காலத்தை. ஆயா கேட்டுக்கொண்டது பிறப்பதற்கு முந்தைய காலத்தை. இரண்டு சொல்லாடல்கள் ஒரு கிழவியின் உயர்த்திய கையில் வந்து சந்தித்திருக்கின்றன. பிரசங்கியார் அதை அறியவில்லை. ஆயாவின் 'பாவம்' அவருடைய பட்டியலில் இல்லை.

கடவுளின் மன்னிப்பை ஏற்றுக்கொள்வது என்பது வழக்கமாகத் தனிமனித மனப்பிரச்சினையாகப் பேசப்படுகிறது. குற்ற உணர்ச்சி, அதிலிருந்து விடுதலை, மனச்சமாதானம் என்று. நான் அதை வரலாற்றுப் பிரச்சினையாகப் பார்க்க விரும்புகிறேன். தமிழ்ச் சூழலில் கடவுள் சிலரை மன்னித்துவிட்டார் என்ற செய்தியை ஏற்க மறுத்தவர்கள் யார் என்பதே என் கேள்வி. மன்னிக்கப்பட்டவர்களா, அவர்களைச் சுற்றி இருந்தவர்களா?

2

முதலில் சொற்களைக் கவனிப்போம். இயேசு கற்றுக்கொடுத்ததாகச் சொல்லப்படும் ஜெபத்தில் கத்தோலிக்கர்கள் 'பாவம்' என்றும் 'பொறுத்தல்' என்றும் சொல்லும் இடத்தில், புராட்டஸ்டண்டுகளின் விவிலியம் 'கடன்', 'கடனாளி' என்று சொல்கிறது. கிரேக்க மூலத்தில் மத்தேயு பயன்படுத்தும் சொல்லும் கடனைக் குறிப்பதுதான். நீட்சே 1887இல் எழுதிய ஒழுக்கத்தின் வம்சாவளி பற்றிய நூலில், ஜெர்மன் மொழியில் குற்றத்துக்கும் கடனுக்கும் ஒரே வேர்ச்சொல் இருப்பதைக் காட்டி, குற்ற உணர்ச்சி என்பதே கடன்காரனுக்கும் கடனாளிக்கும் இடையிலான பழைய உறவிலிருந்து வந்தது என்று வாதிட்டார்.

செங்கல்பட்டுச் சீமையில் இதை விளங்கிக்கொள்ள நீட்சே தேவையில்லை. இங்கே கடன் உருவகமாக இருக்கவில்லை. கல்யாணத்துக்கோ சாவுக்கோ வாங்கிய கொஞ்சப் பணத்துக்காக ஓர் ஆள் மிராசுதாரிடம் படியாளாகச் சேர்வான். அந்தக் கடன் தீராது. அப்பன் வாங்கியதற்கு மகன் உழைப்பான். கணக்கு மிராசுதாரிடம் இருக்கும், கடனாளிக்கு அதைப் படிக்கத் தெரியாது.

கர்மக் கோட்பாடும் இப்படிப்பட்ட ஒரு கணக்குப் புத்தகம்தான். சாந்தோக்ய உபநிடதத்தின் 5ஆம் அத்தியாயம், கெட்ட நடத்தை உள்ளவர்கள் நாய், பன்றி, சண்டாளர் என்னும் பிறப்புகளை அடைவார்கள் என்று வரிசைப்படுத்துகிறது. பிறப்பே தண்டனை. தண்டனை இருப்பதால் குற்றம் நடந்திருக்க வேண்டும். என்ன குற்றம் என்று தண்டிக்கப்பட்டவனுக்குத் தெரியாது. ஆயா சொன்னது இதைத்தான். யாரோ எழுதிய ஒரு கடன் பத்திரத்தில் அவள் பிறக்கும் முன்பே கைநாட்டு வைக்கப்பட்டிருந்தது.

இந்தப் பின்னணியில்தான் பாவமன்னிப்பு என்ற கிறித்தவச் செய்தி சேரிக்குள் வந்தது. மேல்சாதியைச் சேர்ந்த ஒருவர் அதைக் கேட்டபோது தன் செயல்களுக்கான மன்னிப்பாகக் கேட்டிருக்கலாம். சேரியில் அது வேறு மாதிரி கேட்டது. பழைய பாவங்கள் எல்லாம் கழுவப்பட்டன என்றால், என் பிறப்பின் மேல் இருப்பதாகச் சொல்லப்பட்ட கறையும் போயிற்று என்று பொருள். அது உள்மனசின் சமாதானத்தோடு நின்றுவிடுகிற செய்தி இல்லை. அதை ஏற்றுக்கொண்டால் தெருவில் நடக்கிற விதமே மாறவேண்டும்.

ஒரு சொல் சிக்கலும் உண்டு. பழைய கத்தோலிக்க ஞானோபதேச மரபில் ஆதாமிலிருந்து வரும் பாவத்துக்கு 'ஜென்மப் பாவம்' என்று பெயர். தானே செய்வது 'கர்மப் பாவம்'. கிறித்தவக் கோட்பாட்டின்படி ஜென்மப் பாவம் எல்லா மனிதர்க்கும் பொது, போப்பாண்டவருக்கும் புலையருக்கும் ஒன்றே. ஒருவகையில் அது சமத்துவக் கோட்பாடு. ஆனால் பிறப்பால் மனிதர்களைப் பிரித்து வைத்திருக்கிற மொழியில் 'ஜென்மப் பாவம்' என்ற சொல் சமமாக ஒலிக்குமா? வெள்ளாளருக்கு ஜென்மம் பெருமை. சேரியில் பிறந்தவருக்கு ஏற்கெனவே பாவம் என்று சொல்லப்பட்ட ஒன்றைத் திரும்பவும் சொல்வதாகத்தானே இருக்கும்?

3

தமிழில் பாவசங்கீர்த்தனத்துக்கென்று அச்சான முதல் கையேடு 1580இல் கொச்சியில் வெளிவந்தது. 'கொம்பெசியொனாயரு'. எழுதியவர் இயேசு சபைப் பாதிரியார் அன்றீக்கே அன்றீக்கஸ். 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்', 1586இன் 'அடியார் வரலாறு' ஆகியவையும் அவருடைய உழைப்பில் வந்தவையே. தமிழ் அச்சு வரலாற்றைப் பெருமையோடு பேசுகிற நாம், தமிழில் முதன்முதலாக அச்சேறிய நாலைந்து புத்தகங்களில் ஒன்று பாவங்களைச் சொல்லக் கற்றுக்கொடுக்கும் புத்தகம் என்பதை அவ்வளவாக யோசிப்பதில்லை.

வருஷம் ஒருமுறையாவது பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்று 1215இல் நான்காம் லாத்தரன் சங்கம் கட்டளையிட்டது. சாவான பாவங்களை ஒவ்வொன்றாக, வகையும் சூழ்நிலையும் சொல்லி வெளியிட வேண்டும் என்று 1551இல் திரெந்து சங்கம் உறுதிப்படுத்தியது. ஃபூக்கோ 1976இல் வெளியான பாலியல் வரலாற்றின் முதல் தொகுதியில் இந்தச் சடங்கை மேற்கத்தியத் தன்னிலையை உற்பத்தி செய்த முக்கியத் தொழில்நுட்பமாகக் கண்டார். தன்னைப் பற்றிய உண்மையைத் தானே பேசுவது, கேட்கிறவனிடம் அதிகாரம் இருப்பது, பேசியதாலேயே பேசியவன் மாறிவிடுவது. ஃபூக்கோவை இங்கே அப்படியே பெயர்த்து வைப்பதற்காக நான் இதைச் சொல்லவில்லை. பாவசங்கீர்த்தனத்தின் இலக்கணத்தில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அது செயல்களை எண்ணுகிறது. திருடினாயா, பொய் சொன்னாயா, எத்தனை தரம்? செயல் என்றால் சொல்லலாம், சொன்னால் மன்னிப்புப் பெறலாம். பிறப்பு ஒரு செயல் இல்லை. அதைச் சொல்ல முடியாது. சொல்ல முடியாததற்குப் பாவமன்னிப்பும் கிடையாது. அது நிரந்தரமாக ஒட்டிக்கொண்டே இருக்கும்.

இதை அன்றீக்கஸின் வாழ்க்கையிலேயே பார்க்கலாம். அவர் 1520இல் போர்ச்சுகலின் வில்லா விசோசாவில் பிறந்தவர். யூத வம்சாவளி. 1497இல் போர்ச்சுகலில் யூதர்கள் கட்டாயமாக ஞானஸ்நானம் பெறவைக்கப்பட்டார்கள். அவர்களும் அவர்களுடைய சந்ததியும் 'புதுக் கிறித்தவர்கள்' என்று தனியாகக் குறிக்கப்பட்டார்கள். அன்றீக்கஸ் முதலில் சேர்ந்த பிரான்சிஸ்கன் சபை, அவருடைய இந்தப் பிறப்பின் காரணமாக அவரை வெளியேற்றியது. இயேசு சபை சேர்த்துக்கொண்டது. 1546இல் இந்தியா வந்தார். முத்துக்குளித்துறையில் அரை நூற்றாண்டு பரதவர்களுக்கு மன்னிப்பு வழங்கினார். 1593இல், அவர் உயிரோடு இருக்கும்போதே, இயேசு சபையின் ஐந்தாம் பொதுச்சங்கம் யூத வம்சத்தில் வந்தவர்களை இனிச் சபையில் சேர்ப்பதில்லை என்று தீர்மானித்தது. 1608இல் கொஞ்சம் தளர்த்தினார்கள். முழுதாக நீக்கியது 1946இல். யூத இன அழிப்பெல்லாம் நடந்து முடிந்த பிறகு.

ஞானஸ்நானம் பாவத்தைக் கழுவும், ரத்தத்தைக் கழுவாது என்பதுதான் இதன் பொருள். ஐபீரியாவில் ரத்தத் தூய்மை என்று பெயர், இங்கே சாதி. தமிழர்களுக்குப் பாவமன்னிப்பைக் கற்றுக்கொடுத்தவரே, கடவுள் தன் முன்னோரை மன்னித்துவிட்டார் என்பதைத் தன் சொந்தச் சபை ஏற்காத நிலையில் 1600இல் செத்துப்போனார்.

4

அடுத்த நூற்றாண்டில் இது குடிசை வாசலுக்கே வந்தது.

ராபர்ட் தெ நோபிலி 1606இல் மதுரைக்கு வந்தார். பிராமண சந்நியாசி வேஷத்தில் வாழ்ந்தவர் தாழ்த்தப்பட்ட சாதியாரோடு வெளிப்படையாகப் பழக முடியாது. அவர்களுக்கென்று 1640இல் 'பண்டாரசாமிகள்' என்ற தனிப்பிரிவு ஏற்பட்டது. ஒரே சபை, ஒரே பூசை, இரண்டு வகைச் சாமியார்கள். பண்டாரசாமிகளும் எல்லா எல்லைகளையும் கடக்கவில்லை. பறையர் வீட்டில் ஒருவர் சாகக் கிடந்தால் சாமியார் உள்ளே போகமாட்டார் என்கிற வழக்கம் இருந்தது. நோயாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே, கோயிலுக்கோ வேறொரு இடத்துக்கோ கொண்டுபோக வேண்டும். கடைசிப் பாவசங்கீர்த்தனமும் அவஸ்தைப்பூசுதலும் அங்கேதான்.

இது உள்ளூர் வதந்தியாகக் கிடைக்கிற செய்தி இல்லை. ரோமாபுரியின் ஆவணங்களில் இருப்பது. போப்பின் தூதராகச் சீனா செல்லும் வழியில் புதுச்சேரியில் தங்கிய தூர்னோன், 1704 ஜூனில் 'மலபார் சடங்குகள்' குறித்து ஓர் ஆணை வெளியிட்டார். அதில் ஒரு விதி, நோயுற்ற பறையர்களை வெளியே தூக்கிவரச் செய்யாமல் அவர்கள் குடிசைக்குள்ளேயே போய்த் திருவருட்சாதனங்களைக் கொடுக்க வேண்டும் என்பது. இயேசு சபையினர் இந்த ஆணையின் பல விதிகளை எதிர்த்தார்கள். குடிசைக்குள் போன சாமியாரை மேல்சாதிக் கிறித்தவர்கள் ஏற்கமாட்டார்கள், மிஷனே போய்விடும் என்பது வாதம். விவகாரம் நாற்பது வருஷம் ஓடியது. 1744இல் பதினான்காம் பெனடிக்ட் தன் ஆணையோலையில் ஒரு சமரசத்துக்கு ஒப்புக்கொண்டார். பறையர்களுக்கென்றே தனியாகச் சில குருக்கள் இருப்பார்கள், அவர்கள் குடிசைக்குள் போவார்கள். மற்றவர்கள் போக வேண்டியதில்லை.

நான் இந்தப் பகுதியை முதலில் வாசித்தபோது ஒரு காட்சிதான் மனசில் வந்தது. மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிற ஓர் ஆளைக் கட்டிலோடு தூக்கி வெயிலில் கொண்டுவருகிறார்கள். உள்ளே போனால் தீட்டு என்று மன்னிப்பு வாசலுக்கு வெளியே நின்றுகொண்டிருக்கிறது. அந்த ஆள் மன்னிப்பை ஏற்கத் தயாராகத்தான் இருந்தார். அதற்காகக் கடைசி மூச்சோடு வெளியே வந்தார். அங்கே கடவுளின் மன்னிப்பை நம்பாதவர் யார்?

5

புராட்டஸ்டண்ட் மரபில் நிலைமை மாறியிருக்க வேண்டும். 1517இல் லூத்தர் எழுப்பிய கலகமே மன்னிப்பைக் காசுக்கு விற்பதற்கு எதிரானது. மன்னிப்பு இலவசம், விசுவாசத்தால் ஏற்றுக்கொண்டால் போதும் என்பது அதன் சாரம். ஆனால் 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த லூத்தரன் மிஷனிலும் கோயிலுக்குள் சாதிவாரியாக உட்காரும் வழக்கம் நிலைத்தது. கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் 1833இல் சாதி வேற்றுமையை உடனே, முற்றாக விட்டொழிக்க வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் வெள்ளாளக் கிறித்தவர்களில் பலர் கோயிலை விட்டு வெளியேறினார்கள். 1850இல் சென்னை மிஷனரி மாநாடு இன்னும் ஒரு படி மேலே போய், சாதியை விட்டதற்கு அத்தாட்சியாகச் சமபந்தியில் சாப்பிட்டுக் காட்ட வேண்டும் என்றது. திருவிருந்தில் ஒரே பாத்திரத்தில் குடிக்க வேண்டுமே என்பதுதான் அந்தக் காலத்துப் பெரிய தகராறு. பாவமன்னிப்புக்காகச் சிந்தப்பட்ட ரத்தம் என்று நம்பிக் குடிக்கிற பானம் அது. பக்கத்து ஆளின் எச்சில் அந்த ரத்தத்தைவிடப் பலமானதாக இருந்திருக்கிறது.

செங்கல்பட்டு மாவட்டத்துக்கு வருவோம். 1891இல் கலெக்டர் டிரமென்ஹீர் இம்மாவட்டத்துப் பறையர்களைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். குடியிருக்கும் மனைகூட மிராசுதாரின் பிடியில் இருந்தது, வேலைக்கு வர மறுத்தால் குடிசையை விட்டே துரத்தலாம், தரிசை விண்ணப்பித்து வாங்கவும் மிராசுதாரின் முன்னுரிமை குறுக்கே நின்றது என்பன அதில் வெளிவந்தன. திருவள்ளூரில் இருந்த வெஸ்லியன் மிஷனரி வில்லியம் கௌடி, செங்கல்பட்டில் இருந்த ஸ்காட்லாந்து மிஷனரி ஆதாம் ஆண்ட்ரூ ஆகியோர் இந்த நிலப் பிரச்சினையை எழுப்பியவர்களில் முக்கியமானவர்கள். 1892 செப்டம்பர் 30 அன்று வெளியான அரசாணையே பிற்பாடு 'பஞ்சமி நிலம்' என்று நாம் அழைப்பதற்கு அடிப்படை.

மிஷனரிகளின் இந்தப் பங்கை மறுப்பது நன்றிகெட்டத்தனம். ஆனால் அதே காலத்து மிஷன் எழுத்துக்களில் ஒரு சந்தேகம் ஓயாமல் வந்துகொண்டே இருக்கிறது. இவர்கள் உண்மையாகவே பாவ உணர்வு கொண்டு வருகிறார்களா, இல்லை சோற்றுக்கும் நிலத்துக்கும் வருகிறார்களா? 'சோற்றுக் கிறித்தவர்' என்ற வசைச்சொல் இந்தச் சந்தேகத்தின் பிள்ளை. முதலில் நீ பாவி என்று உணர வேண்டும், அந்த உணர்வு சுத்தமாக இருக்க வேண்டும், பிறகுதான் மன்னிப்பு. மிராசுதாரிடமிருந்து விடுபட விரும்புவது அசுத்தமான நோக்கம். லூத்தர் இலவசம் என்று சொன்னதற்கு இங்கே ஒரு நுழைவுக் கட்டணம் ஏற்பட்டது. அந்தப் பட்டியலில் படியாளின் குடிப்பழக்கம் இருந்தது, அவனுடைய கடாவெட்டு இருந்தது. மிராசுதாரின் கணக்குப் புத்தகம் இல்லை. பாவசங்கீர்த்தனம் கேட்கப்பட வேண்டிய ஆள் எதிர்த் தெருவில் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.

6

1938 டிசம்பரில் உலக மிஷனரி மாநாடு தாம்பரத்தில் நடந்தது. சென்னைக் கிறித்தவக் கல்லூரி தாம்பரத்துக்கு இடம் மாறி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. பல நாடுகளிலிருந்து 470 பேருக்கு மேல் வந்தார்கள். தலைமை ஜான் மாட். எங்கள் ஊரிலிருந்து ஒரு நடையில் போய்விடக்கூடிய தூரம். மற்ற மதங்களில் கடவுளின் வெளிப்பாடு உண்டா, இல்லையா என்று ஹென்றிக் கிரேமர் ஒரு பக்கமும், செஞ்சையா, சக்கரை போன்ற சென்னைக் கிறித்தவ அறிஞர்கள் இன்னொரு பக்கமும் நின்று நடத்திய விவாதம் இன்றும் இறையியல் கல்லூரிகளில் படிக்கப்படுகிறது. திருச்சபையின் பொருளாதாரம் பற்றியும் அங்கே பேசப்பட்டது. நினைவில் நின்றது என்னவோ வெளிப்பாடு பற்றிய விவாதம்தான்.

இதே ஜான் மாட் 1936இல் காந்தியைச் சந்தித்தார். அம்பேத்கர் இந்துவாகச் சாகமாட்டேன் என்று இயோலாவில் அறிவித்து ஒரு வருஷம் ஆகியிருந்த நேரம். தாழ்த்தப்பட்டவர்களிடம் மதப்பிரச்சாரம் செய்வதைப் பற்றிப் பேச்சு வந்தபோது, ஒரு பசுவிடம் போய் நற்செய்தி சொல்வீர்களா என்று காந்தி கேட்டார். மதங்களுக்கிடையே வித்தியாசம் பிரித்தறிய அவர்களால் இயலாது என்பது அவருடைய வாதம். கவனியுங்கள். மிஷனரி, இவர்கள் உண்மையாகத்தான் மனந்திரும்புகிறார்களா என்று சந்தேகித்தார். காந்தி, இவர்களால் மனந்திரும்பவே முடியாது என்றார். இரண்டு பேச்சிலும் சேரி ஆள் தன் சொந்தக் காலில் நின்று ஒரு மன்னிப்பை ஏற்கும் தகுதியற்றவர்.

7

பிறகு அரசு வந்தது. 1950 ஆகஸ்ட் 10 அன்று வெளியான குடியரசுத்தலைவர் ஆணையின் 3ஆம் பத்தி, இந்து மதம் அல்லாத மதத்தைச் சேர்ந்தவர் பட்டியல் சாதியராகக் கருதப்படமாட்டார் என்றது. 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறித்தவர்களும் முஸ்லிம்களும் இன்றுவரை வெளியே. 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் இந்த மதத் தடையை நீக்கப் பரிந்துரைத்தது. 2022 அக்டோபரில் இதே கேள்விக்காக நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் அமைக்கப்பட்டது.

சூசை வழக்கு இதில் மறக்கக்கூடாதது. சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்துக்கொண்டிருந்த தொழிலாளி அவர். பட்டியல் சாதித் தொழிலாளிகளுக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தபோது, கிறித்தவர் என்பதால் அவருக்குக் கொடுக்கவில்லை. உச்ச நீதிமன்றம் வரை போனார். 1985 செப்டம்பரில் தீர்ப்பு. மதம் மாறிய பின்பும் அதே அளவு கொடுமை புதிய மதத்திலும் தொடர்கிறது என்று நிரூபிக்கப்படவில்லை, மனு தள்ளுபடி.

இதில் ஒரு விசித்திரம். கிறித்தவனானதால் உன் பிறப்பின் கறை போய்விட்டது என்று எழுத்துப்பூர்வமாக ஒப்புக்கொண்ட நிறுவனம் இந்த நாட்டில் அரசு ஒன்றுதான். அதுவும் ஒரு பெட்டிக்கடையை மிச்சம் பிடிப்பதற்காக! சர்ச் ஏற்கவில்லை, தனிக் கல்லறைச் சுவர் கட்டியது. ஊர் ஏற்கவில்லை. ரோட்டோரத்தில் அவரிடம் செருப்பைக் கழற்றிப் போட்டவர்கள் அவருடைய ஞானஸ்நானச் சான்றிதழைக் கேட்டிருக்கமாட்டார்கள்.

8

பாவம் என்ற சொல்லாடலையே நிராகரித்த மரபும் நமக்கு உண்டு. 1907 முதல் 'தமிழன்' இதழை நடத்திய அயோத்திதாசர், பறையர் எனப்பட்டோர் பூர்வ பௌத்தர்கள் என்றும், அவர்களுடைய இழிநிலை தோற்கடிக்கப்பட்ட வரலாற்றின் விளைவென்றும் வாதிட்டார். கறையின் மூலம் முற்பிறவியில் இல்லை, எதிரியின் சூழ்ச்சியில் இருக்கிறது. கேள்வி பாவத்திலிருந்து வரலாற்றுக்கு நகர்கிறது. 1956இல் அம்பேத்கர் தேர்ந்துகொண்டது மன்னிக்க ஒரு கடவுளே இல்லாத மதம். குற்றம் செய்யாதவனுக்கு மன்னிப்பு எதற்கு என்ற கேள்வி அந்தத் தேர்வுக்குள் இருப்பதாகவே நான் வாசிக்கிறேன்.

ஆனாலும் எங்கள் சேரியில் ஆயாவைப் போன்றவர்கள் இயேசுவை விட்டுப் போகவில்லை. ஏமாந்தவர்கள் என்று தோழர்கள் சொல்லக்கூடும். நானும் ஒரு காலத்தில் சொன்னேன். இன்று அப்படிச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. கர்மக் கணக்கில் பேச்சுவார்த்தைக்கே இடமில்லை. அதில் எழுதியதை அழிக்க ஆள் இல்லை. அழிக்க ஒருவர் இருக்கிறார், அழித்தும்விட்டார் என்று கேள்விப்படுவது ஆயாவுக்குப் பெரிய விஷயம். அதை அவளிடமிருந்து பிடுங்குவது நம் வேலை இல்லை. அந்த அழிப்பை நடைமுறைக்குக் கொண்டுவரவிடாமல் தடுத்தது யார் என்று கேட்பதுதான் வேலை.

9

திருச்சபை தன் பாவத்தைச் சொல்லவே இல்லை என்று கூற முடியாது. 2000 மார்ச் 12 அன்று இரண்டாம் ஜான் பால், யூதர்களுக்கு இழைத்தவை உள்ளிட்ட திருச்சபையினரின் பாவங்களுக்காக ரோமில் பகிரங்கமாகக் கடவுளிடம் மன்னிப்புக் கேட்டார். 2003 நவம்பரில் தமிழக ஆயர்களிடம் சாதிப் பாகுபாட்டைக் கண்டித்துப் பேசினார். 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை, திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டு ஒரு கொள்கை ஆவணம் வெளியிட்டது.

இடையில் 2008 மார்ச்சில் எறையூரில், வழிபாட்டிலும் சவ ஊர்வலத்திலும் சம உரிமை கேட்ட தலித் கிறித்தவர்களுக்கும் வன்னியக் கிறித்தவர்களுக்கும் மோதல் வந்து, போலீஸ் சுட்டதில் இரண்டு பேர் செத்தார்கள். இரண்டு தரப்பும் ஒரே கோயிலில் ஞானஸ்நானம் பெற்றவர்கள்.

திரெந்து சங்கம் சொன்ன பாவசங்கீர்த்தனத்துக்கு மூன்று அங்கங்கள் உண்டு. மனஸ்தாபம், வாயால் சொல்லுதல், பரிகாரம். திருடியவன் அழுதால் மட்டும் போதாது, திருப்பிக் கொடுக்க வேண்டும். லூக்கா நற்செய்தியின் 19ஆம் அதிகாரத்தில் வரும் சகேயு, பாதிச் சொத்தை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும் அநியாயமாக வாங்கியதை நாலு மடங்காகத் திருப்புவதாகவும் சொல்கிறான். அதன் பிறகே அவன் வீட்டுக்கு மீட்பு வந்ததாக இயேசு அறிவிக்கிறார். படியாள்களிடம் சுத்தமான நோக்கத்தைக் கேட்ட நூற்றாண்டுகளில் சகேயுவின் கணக்கு மிராசுதார்களிடம் கேட்கப்படவில்லை.

1994 அக்டோபர் 10 அன்று, காரணை கிராமத்துப் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடியவர்கள் மீது செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்தார்கள். ஒரு பெயர் பைபிளிலிருந்து வந்தது, இன்னொன்று திருப்பதி மலையிலிருந்து. அவர்கள் கேட்டது 1892இல் எழுதப்பட்ட ஒரு பரிகாரத்தை. நூறு வருஷம் கழித்துக் கேட்டார்கள்.

10

ஊனம் பாவத்தின் விளைவா என்ற கேள்வி யோவான் நற்செய்தியின் 9ஆம் அதிகாரத்தில் வருகிறது. பிறவிக் குருடன் ஒருவனைக் காட்டி, இவன் இப்படிப் பிறக்க யார் செய்த பாவம் காரணம், இவன் செய்ததா, பெற்றோர் செய்ததா என்று சீடர்கள் கேட்கிறார்கள். இவனும் இல்லை, பெற்றோரும் இல்லை என்கிறார் இயேசு. எங்கள் ஜெபவீட்டில் இதன்மேல் பிரசங்கம் கேட்டிருக்கிறேன். பிரசங்கம் உடனே ஆத்துமக் குருட்டுக்குப் போய்விடும். பிறப்பு பாவத்தின் சம்பளம் இல்லை என்கிற அந்த முதல் பதிலில் யாரும் நின்றதில்லை.

ஆயாவுக்குப் படிக்கத் தெரியாது. அவள் கடைசிக் காலத்தில் ஒரு மத்தியானம் அந்த அதிகாரத்தை வாசித்துக் காட்டினேன். நடுவில் நிறுத்தி, "அப்டியே எழுதிக் கீதா?" என்றாள். கீது என்றேன். இன்னொரு தரம் படிக்கச் சொன்னாள். பிறகு, "யார் பாவமும் இல்லன்னா, எதுக்குடா இவ்ளோ நாளா கைய தூக்கச் சொன்னாங்க?" என்று கேட்டாள். அடுத்த வெள்ளிக்கிழமையும் கையைத் தூக்கத்தான் செய்தாள். பழக்கம்.

கையைத் தூக்க வேண்டியவர்கள் யாரும் அந்த ஓலைக் கூரையின் கீழ் உட்கார்ந்திருக்கவில்லை. நிலத்தை வைத்திருந்தவர்கள், குடிசைக்குள் நுழையாதவர்கள், கல்லறையில் சுவர் எழுப்பியவர்கள், பெட்டிக்கடையை மறுத்தவர்கள் ஆகியோருக்கும் கடவுளின் மன்னிப்பு உண்டு என்றுதான் கிறித்தவம் சொல்கிறது. அதை அவர்கள் ஏற்றுக்கொள்ளட்டும். எப்படி ஏற்பது என்பதற்குச் சகேயு இருக்கிறான்.